பக்குவம் வரட்டும் என்பவர்களுக்கு

“ஒருபாலினத் திருமணத்தை எதிர்க்கவில்லை, சமூகம் பக்குவப்படும்வரை நாடாளுமன்றம் பொறுத்திருக்கட்டும்” என்கிறார்கள். நிதானம் போலத் தெரியும் இந்த வாதம் நிற்காது.

1. பக்குவத்தை அளப்பது யார்? 1954-இல் சிறப்புத் திருமணச் சட்டம் வந்தபோது, மதம் தாண்டிய திருமணங்களை ஊர் ஏற்றுக்கொண்டிருந்ததா? இன்றும் ஆணவக்கொலைகள் நடக்கின்றன. அதனால் அந்தச் சட்டம் அவசரக் குடுக்கையா?

2. சுயமரியாதைத் திருமணங்கள் 1928 முதல் நடந்தன. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லாது என்றது. 1967-இல் அண்ணா அரசு சட்டம் இயற்றி, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. அதுவரை பாரத்தைச் சுமந்தது சமூகமா, அந்தத் தம்பதிகளா?

3. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், ஒருபாலினத் திருமணத்தை அங்கீகரிப்பது சட்டம் இயற்றுவோரின் வேலை என்று ஒதுங்கியது. நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கைகாட்டுகிறது. நாடாளுமன்றம் சமூகத்தைக் கைகாட்டினால், மனுவை எங்கே கொடுப்பது?

4. ஒருபாலினத் தம்பதிகள் கேட்பது வாரிசுரிமை, குடும்ப ஓய்வூதியம், துணையின் சிகிச்சைக்குக் கையெழுத்திடும் உரிமை. இதனால் அடுத்த வீட்டுக்காரர் இழப்பது என்ன?

5. பொறுமையை உபதேசிப்பவர்கள் எல்லோரும் திருமணச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர்களே, சிறப்புத் திருமணச் சட்டத்துக்கான திருத்த மசோதாவை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள்.