அந்தப் பையன் மக்கு இல்லை!

போன மாதம் ஒரு ராத்திரி. மணி பதினொன்று இருக்கும். நகரத்து ரயில் நிலையம் ஒன்றில், ரயில்வே போலீஸ் அறை பெஞ்சில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். வயது 13. எட்டாம் வகுப்பு. மடியில் பள்ளிக்கூடப் பை.

"என்ன விஷயம்?" என்று ஏட்டைக் கேட்டேன்.

"வீட்டை விட்டு ஓடி வந்துட்டான் தம்பி. கிளாசுல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு படிக்கச் சொன்னாங்களாம். படிக்க வரலையாம். பிரம்படி. வெளியூர் வண்டியில ஏறப் போனான், பிடிச்சிட்டோம்" என்றார்.

காகிதம் கொடுத்து விலாசம் எழுதச் சொன்னார்கள். மூன்று தடவை எழுதினான். மூன்று தடவையும் அடித்தான். தெருப் பெயரில் பாதி எழுத்தைக் காணோம்.

"சரி, வாயால சொல்லு" என்றார் ஏட்டு. கடகடவென்று சொன்னான். கதவு எண், தெரு, அப்பாவின் செல்போன் நம்பர், எந்த பஸ், வழியில் எந்தெந்த ஸ்டாப்... ஒன்று விடாமல் ஒப்பித்தான்!

அப்பா பதறி அடித்து ஓடி வந்தார். மகனைக் கட்டிப் பிடித்து அழுதார். அழுகை நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மக்குப் பய சார் இவன்."

அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது.

நோய் அல்ல, சோம்பலும் அல்ல

1896-ம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர், இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். கெட்டிக்காரப் பையன். விளையாட்டில் சூரன். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பாடம் முழுக்க வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று அவன் ஆசிரியர் சொன்னாராம்.

இதைத்தான் இன்று கற்றல் குறைபாடு என்கிறார்கள். படிப்பதில் வருவது டிஸ்லெக்சியா. எழுதுவதிலும் கணக்கிலும்கூட இது வரும். மூளை எழுத்தைக் கையாளும் விதம் வேறு. அவ்வளவுதான். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அடித்தாலும் போகாது. தனிக் கவனம் எடுத்துச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தேறும்.

கொம்பும் காலும் இடம் மாறுவது, 'ப'வை 'ய' என்று படிப்பது எல்லாம் சின்ன வகுப்பில் சகஜம். மூன்றாம், நான்காம் வகுப்புக்குப் பிறகும் அது மாறவில்லை, வாயால் கேட்டால் பதில் சரியாக வருகிறது, எழுதச் சொன்னால் வியர்க்கிறது என்றால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அந்தப் பையனுக்கு இருப்பது இதுதானா என்று டாக்டர்தான் சொல்ல முடியும். நாம் சொல்ல முடியாது. ஆனால் எட்டாம் வகுப்பு வரை ஒருவர்கூட அவனைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "அப்படிக்கூட ஒண்ணு இருக்கா சார்?" என்று கேட்டார்.

சட்டம் இருக்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. இதைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்பச் சொல்லிக் கொடுப்பது பள்ளியின் கடமை என்கிறது அந்தச் சட்டம். மாணவனை அடிக்கவோ மனம் நோகச் செய்யவோ கூடாது என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்.

நம் மாநிலத்தில் பொதுத்தேர்வு எழுதும் இந்தப் பிள்ளைகளுக்குச் சலுகையும் உண்டு. கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாடத்தில் விலக்கு. மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் மூலம் மனுப் போட வேண்டும். சென்னையில் 1991-ல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது.

எல்லாம் இருக்கிறது. ஆனால் இருப்பது தெரிந்தால்தானே போய்க் கேட்பார்கள்? ஹால் டிக்கெட் வந்த பிறகு சான்றிதழுக்கு ஓடி என்ன பிரயோசனம்?

நாம் என்ன செய்யலாம்?

கடைக்காரர் அண்ணாச்சி! "இவனுக்குப் படிப்பு ஏறலை, கடையில போட்டுக்குங்க" என்று யாராவது பிள்ளையைக் கூட்டி வந்தால் சேர்த்துக்கொள்ளாதீர்கள். 14 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். "முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையே அதில் திரும்பலாம்.

ஆபீஸ் குமாஸ்தா சார்! சான்றிதழுக்கு வரும் தாயை "நாளைக்கு வாம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்த நாளைக்குள் மனுப் போடும் தேதி போய்விடும்.

பஸ்ஸிலும் ரயிலிலும் இதைப் படிக்கும் அம்மா, அப்பா! இன்று வீடு திரும்பியதும் மார்க் ஷீட்டைக் கேட்பதற்கு முன்னால் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாடத்தை வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

வாத்தியார்களே! பிரம்பைத் தூக்கிப் போடுங்கள்.

அன்று ராத்திரி அந்தப் பையன் அகப்பட்டான். வண்டி ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பியிருந்தால்?

'மக்கு' என்ற வார்த்தையை இன்றோடு விடுவோமா?