பயமுறுத்தும் தொடர்களும் பதிவாகாத வருகையும்

'பிளாக் மிரர்' மாதிரித் தொடர்கள் தொழில்நுட்பத்தின் ஆபத்தைக் காட்டி நம்மை விழிக்கவைக்கின்றன என்பது படித்தவர்களிடையே ஊறிப்போன நம்பிக்கை. அவை விழிக்கவைப்பதைவிடத் திசைதிருப்புவதே அதிகம். 'பிளாக் மிரர்' வரிசையில் 2016இல் வந்த 'நோஸ்டைவ்' கதையில் எல்லோரும் எல்லோருக்கும் ஐந்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள்; மதிப்பெண் சரிந்த பெண்ணுக்கு விமானத்தில் இடம் இல்லை. பார்ப்பவர் பதறுகிறார், 'நல்லவேளை, நாம் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை' என்று தூங்கப் போகிறார். ஆனால் நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகையைப் பதிவுசெய்யும் என்.எம்.எம்.எஸ். செயலி, தனிநபர் பயனாளிப் பணிகள் தவிர மற்ற எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயமானது 2023 ஜனவரி 1 அன்று. பணித்தளப் பொறுப்பாளர் ஆட்களை வரிசையாக நிறுத்தி, நாளைக்கு இருமுறை செல்போனில் படம்பிடித்து, இடக்குறிப்போடு ஏற்ற வேண்டும் என்றது உத்தரவு. ஏற்காடு போன்ற மலை ஒன்றியத்தில் இதை யோசித்துப் பாருங்கள்: ஒரு வளைவு தாண்டினால் சிக்னல் போய்விடும். மண் வெட்டியது உண்மை, படம் ஏறவில்லை, கூலி சிக்கல். இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் அதே ஆண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். இங்கே மிரட்டும் இயந்திரம் எதுவும் இல்லை. இருப்பது ஓர் அரசு சுற்றறிக்கையும் மலிவான செல்போனும்தான். அந்தத் தொடர்களோ கருவியையும் அதில் மயங்கும் மனிதரையுமே குற்றவாளி ஆக்குகின்றன. உத்தரவு போட்டவர் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்.

கதை என்றால் மிகைப்படுத்தத்தானே செய்யும் என்பார்கள். செய்யட்டும். தூர்தர்ஷனில் தொடராகவும் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'விலும் மிகை உண்டு, பேசும் ரோபோ நாயே உண்டு. ஆனால் பிள்ளை பெற்றுக்கொள்ளவே அரசின் அனுமதி வேண்டும் என்ற இடத்தில் கதை தொடங்குகிறது. ஆள்வது யார் என்ற கேள்வியை அது கடைசிவரை விடவில்லை. இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது: 2023இன் 'பிளாக் மிரர்' கதையான 'ஜோன் இஸ் ஆஃபுல்', தொடரை ஒளிபரப்பும் நெட்ஃபிளிக்ஸையே கிண்டல் செய்ததே? செய்தது, நெட்ஃபிளிக்ஸிலேயே. அதே நிறுவனம், பார்ப்பவரே கதைப்போக்கைத் தேர்ந்தெடுக்கும் 2018இன் 'பேண்டர்ஸ்னாட்ச்' கதையில் பார்வையாளர் எடுத்த ஒவ்வொரு தெரிவையும் சேமித்து வைத்திருந்தது, ஐரோப்பியத் தரவுச் சட்டத்தின்கீழ் ஒருவர் கேட்டபோதுதான் வெளியே வந்தது. கிண்டலால் நிறுவனத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. சட்டப்படி கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தொழில்நுட்பத்தைப் பற்றி அடுத்த தொடரை எடுக்கப்போகிறவர்கள் எதிர்காலத்துக்குப் போக வேண்டாம். ஏற்காட்டின் சேர்வராயன் மலைச்சரிவில் செல்போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடும் பணித்தளப் பொறுப்பாளரிடமிருந்து தொடங்குங்கள். அந்த உத்தரவில் கையெழுத்திட்டவரையும் காட்டுங்கள்.