‘நல்ல போனாக ஒன்று வாங்கிக்கொண்டு போ’

முதன்முறையாக வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் புறப்படும் ஆய்வு மாணவருக்குத் துறைத் தாழ்வாரத்தில் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரைகளுள் மிகவும் விலை கூடியது இதுதான். சொல்பவர் பெரும்பாலும் நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியர். ‘நல்ல’ என்னும் அடைக்கு அவர் அகராதியில் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் என்று பொருள். கேட்பவர் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் நெட் வழி நல்கை பெறாதவராக இருந்தால் அவருக்கு மாதம் 8,000 ரூபாய். இளநிலை ஆய்வாளருக்கே 2023 முதல் 37,000 ரூபாய்தான். அதுவும் மாதந்தோறும் தவறாமல் வரும் என்று எந்த விடுதியிலும் எவரும் நம்புவதில்லை. கருத்தரங்கு முடிந்து, கட்டுரை தொகுப்பில் அச்சேறிய பின்னரும் கைபேசிக்கான தவணை போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு நேரெதிர் அறிவுரை விடுதி அறைகளில் கிடைக்கும்: ‘எந்தப் போனானால் என்ன, வாட்ஸப் வந்தால் போதும்.’ பார்வைக்கு எதிரெதிரான இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முனைகள். முதலாவது விலையையே தகுதி என்கிறது. இரண்டாவது, தகுதி என ஒன்று தேவையே இல்லை என்கிறது. அயல்நாட்டில் ஒரு கைபேசி பேசுமா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: அது எந்த அலைவரிசைகளில் இயங்கும், அந்நாட்டு நிறுவனங்கள் அதன் குரல் அழைப்பை ஏற்குமா, அதில் எத்தனை சிம்களுக்கு இடம் உண்டு. கேமராவின் மெகாபிக்சலுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

இந்தியச் சந்தைக்கென்று செய்யப்படும் மலிவு விலைக் கைபேசிகள் பெரும்பாலும் இந்தியாவின் 4ஜி அலைவரிசைகளையே ஏற்பவை: 1, 3, 5, 8, 40, 41 என எண்களால் குறிக்கப்படுபவை. இவற்றுள் 3 என்பது 1800 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 4ஜி பெரிதும் ஓடுவது அதில்தான். ஆகவே பத்தாயிரம் ரூபாய்க் கைபேசி பெர்லினிலும் சிங்கப்பூரிலும் டோக்கியோவிலும் இணையத்துக்குப் பெரும்பாலும் போதும். ஐரோப்பியச் சிற்றூர்களுக்குக் களப்பணிக்குச் செல்பவர் மட்டும் 20ஆம் அலைவரிசை, அதாவது 800 மெகாஹெர்ட்ஸ், இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நகரங்களுக்கு வெளியே அங்கே சிக்னல் பெரும்பாலும் அதன் வழியாகவே எட்டுகிறது.

அமெரிக்கா வேறு கதை. அங்கே 2, 4, 12, 13, 66, 71 என்று வேறொரு வரிசை. இவற்றில் 600, 700 மெகாஹெர்ட்ஸைச் சேர்ந்த 12, 13, 71 ஆகியவையே தொலைவுக்குச் செல்பவை, சுவரைக் கடந்து கட்டடத்துக்குள் நுழைபவை. இந்தியப் பட்டியலோடு பொதுவாக அமைவது 5, 41 என ஓரிரண்டே. அத்தகைய கைபேசி பல்கலைக்கழக வாயிலில் நிற்கும்போது வேலை செய்யும். நூலகத்தின் நிலவறைக்குள் இறங்கியதும் ஊமையாகும்.

இதைவிட அறியப்படாதது குரலின் சிக்கல். ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் தன் 3ஜி வலையமைப்பை மூடியது. அவ்வாண்டின் இறுதியில் வெரைசனும் மூடியது. 3ஜி போனபின் குரலும் 4ஜி வழியாகவே, அதாவது வோல்ட்டி முறையிலேயே, செல்ல வேண்டும். பெட்டியின் மேல் ‘வோல்ட்டி உண்டு’ என்று அச்சிட்டிருப்பது ஜியோவோடும் ஏர்டெல்லோடும் பேசும் என்பதற்கு மட்டுமே சான்று. ஏடி அண்ட் டி தான் ஏற்கும் மாடல்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் இடம்பெறாத கைபேசியில் அந்நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் சேவை மறுக்கப்படலாம். ஆஸ்திரேலியா இன்னும் கண்டிப்பானது. 2024 அக்டோபர் 28 முதல் அங்கே எஞ்சியிருந்த 3ஜி மூடப்பட்டபோது, 000 என்னும் அவசர எண்ணை அழைக்க இயலாத கைபேசிக்கு எந்த நிறுவனமும் சேவை வழங்கலாகாது என்ற விதியும் உடன் வந்தது. இணையமும் குறுஞ்செய்தியும் நன்றாகவே இயங்கிய, வெளிநாட்டில் வாங்கப்பட்ட கைபேசிகளும் இதனால் துண்டிக்கப்பட்டன. விதியில் குறை காண்பதற்கில்லை. நள்ளிரவில் அறிமுகமில்லாத ஊரில் அறைத்தோழிக்கு மூச்சுத் திணறும்போது கைபேசி அவசர எண்ணை எட்டாது என்பதை அப்போது தெரிந்துகொள்வதைவிட, வந்திறங்கிய அன்றே தெரிந்துகொள்வது மேல். கேள்வி ஒன்றுதான்: வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வாங்குபவருக்கு என்ன வழி இருக்கிறது?

ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரே வணிகப் பெயரில் இந்தியாவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, லத்தீன் அமெரிக்காவுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கைபேசிகள் விற்கப்படுகின்றன. பெயர் ஒன்று, அலைவரிசைப் பட்டியல் வேறு. இலக்கணம் இதைப் பலபொருள் ஒருசொல் என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடும். பணம் கொடுப்பவரால் அப்படி நகர முடியாது. ஐரோப்பியர் ஒருவர் எழுதிய மதிப்புரையை நம்பி, அவர் கையாளாத வேறொரு கருவியை இந்திய மாணவர் வாங்குகிறார். பொருளை வேறுபடுத்துவது மாடல் எண்ணின் கடைசி ஓரெழுத்து. அதைக் கடைக்காரர் அறியார்; இணைய விற்பனைப் பக்கம் 5ஜி என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு எந்த 5ஜி என்பதைச் சொல்லாது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக உள்ள 78ஆம் அலைவரிசை 5ஜி ஒன்று. அமெரிக்கா நம்பியிருக்கும் 77, 41, 71 வேறு. ‘உலகக் கைபேசி’ என்ற சொற்றொடரை விளம்பரத்தில் காண்பவர், யாருடைய உலகம் என்று கேட்பது நல்லது.

மிக மலிவான அடுக்கில் பொறி இன்னும் வெளிப்படையானது. 2ஜி மட்டும் உள்ள பொத்தான் கைபேசி சிங்கப்பூரில் 2017இலிருந்தே வெறும் கடிகாரம். ஜியோபாரத் போன்றவை ஜியோ சிம்மை மட்டுமே ஏற்பவை. அயல்நாட்டு சிம்முக்கு அவற்றில் இடமில்லை.

ஆனால் பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாய் இந்தியக் கைபேசிக்கு ஒரு பெருமை உண்டு. விலை கூடியதையே பரிந்துரைப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அதில் இரண்டு சிம்கள். ரிசர்வ் வங்கி 2009இல் இணைய வழி அட்டைப் பரிவர்த்தனைக்கு இரண்டாம் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது முதல் இந்திய வங்கிகள் பெரும்பாலும் குறுஞ்செய்தி ஓடிபியையே நம்பி வந்துள்ளன. விடுதி அறைக்கான பணத்தைச் செலுத்தவும் பயண அட்டையில் தொகை ஏற்றவும் இந்திய எண் உயிரோடு இருக்க வேண்டும். அதைக் கழற்றி உறையில் வைத்துவிட்டு உள்ளூர் சிம்மைப் போட்டவர், சொந்தக் கணக்கில் பணம் இருந்தும் செலவழிக்க இயலாதவராகிறார். இரு சிம் கைபேசியில் ஒன்றில் ரோமிங் இயக்கப்பட்ட இந்திய எண், அதன் டேட்டா மட்டும் அணைக்கப்பட்டு. மற்றொன்றில் உள்ளூர் எண். ரோமிங்கைப் புறப்படும் முன்பே இயக்கிவிட வேண்டும், ஏனெனில் அதற்கான ஓடிபியும் அதே எண்ணுக்கே வரும். இரண்டாம் சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடத்தை ஒதுக்கும் தட்டு உள்ள கைபேசியைத் தவிர்க்க வேண்டும். களப்பணி ஒலிப்பதிவுகளை வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றை இழக்க நேரிடும்.

ஆக, ஐரோப்பாவுக்கோ கிழக்காசியாவுக்கோ ஒரு வாரம் செல்பவர் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லாமலும் போகலாம். அமெரிக்காவில் ஆறு மாதம் தங்கப்போகிறவர் இந்தியக் கைபேசியை ஓடிபிக்கு வைத்துக்கொண்டு, அங்கேயே ஒரு நிறுவனத்தின் மலிவான முன்கட்டணக் கைபேசியை வாங்குவதே சிக்கனம். அது அந்நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும் என்பது ஆறு மாதத்துக்கு ஒரு குறையில்லை. ஆஸ்திரேலியாவுக்குச் செல்பவர் மாடல் எண்ணை அங்குள்ள நிறுவனத்திடம் சரிபார்க்காமல் விமானம் ஏறலாகாது.

இந்த ஆராய்ச்சி முழுவதையும் ஆய்வேட்டின் ஓர் இயலை முடிக்கப் போராடும் மாணவர் தனியே செய்ய வேண்டியிருப்பதுதான் வெட்கக்கேடு. பயண நல்கைப் படிவங்கள் விமானக் கட்டணத்தையும் பதிவுக் கட்டணத்தையும் கேட்கின்றன. கைபேசி இன்னும் ஆடம்பரப் பட்டியலில் இருக்கிறது, கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலே செயலியில் மட்டும் வரும் காலத்திலும். அழைப்பவர்கள் அனுப்பும் குறிப்பில் தட்பவெப்பமும் மின்செருகியின் வடிவமும் இருக்கும், உள்ளூர் அலைவரிசை பற்றி ஒரு வரி இருக்காது. கைபேசியின் கதிர்வீச்சு அளவைத் தெரிவிக்க வேண்டும் என்று 2012இலேயே நிறுவனங்களைப் பணிக்க முடிந்த அரசுக்கு, அலைவரிசைப் பட்டியலையும் பெட்டியின் மேல் அச்சிடச் சொல்வது ஒரு சுற்றறிக்கை வேலை.