டயரில் எழுதியிருக்கும் 4 எண்கள்: அமீரகத்தில் வண்டி ஓட்டும் நம்மவர்களுக்கு

துபாய்க்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பது ஒரே வசனம்: "இன்னும் ரெண்டு வருசம், அப்புறம் ஊருக்குப் போயிடலாம்." இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் இதே வசனத்தைச் சொல்கிறவர்களாகத்தான் இருப்பீர்கள். இந்த வசனத்துக்கும் கார் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. என் குடும்பத்தையே கொன்றிருக்கக்கூடிய சம்பந்தம்.

2022 ஜூலை மாதம். ஒரு சனிக்கிழமை காலை. மனைவி, நாலு வயது மகள், விசிட் விசாவில் வந்திருந்த மாமனார், மாமியார் என ஐந்து பேர் ஷார்ஜா அல் நஹ்தாவிலிருந்து கோர்ஃபக்கான் கிளம்பினோம். பின்னால் டிக்கி நிறைய பாய், ஐஸ் பெட்டி, புளிசாத மூட்டை. எமிரேட்ஸ் ரோட்டில் 120-ல் போய்க்கொண்டிருக்கும்போது பின்பக்கத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம். வண்டியின் பின்பாகம் இடது பக்கமாக இழுத்தது. என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. ஏதோ ஒரு புண்ணியம், முழுசாக அழுத்தவில்லை. பக்கத்து லேனில் அந்த நொடி லாரி எதுவும் இல்லை. அவ்வளவுதான். இன்று இதை எழுதிக்கொண்டிருப்பதற்கு என் திறமை காரணமில்லை.

ரெக்கவரி வண்டி கொண்டு வந்தவர் ஒரு பட்டான் பாய். கிழிந்து தொங்கிய டயரைப் பார்த்தார், மற்ற மூன்றையும் குனிந்து பார்த்தார். இந்தியில் சொன்னார்: "பாய், இது கிழவனாயிடுச்சு. நாலுமே கிழவன்தான்." எனக்குக் கோபம் வந்தது. "பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கே?" என்றேன். அவர் டயரின் பக்கவாட்டில் விரலை வைத்து நாலு எண்களைக் காட்டினார்: 1917.

நான் இன்ஜினியரிங் படித்தவன். தினமும் சர்வர் லாக் படித்துப் பிழைப்பவன். என் வண்டி டயரில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியவில்லை.

அந்த 4 எண்கள் சொல்வது

டயரின் பக்கச் சுவரில் 'டிஓடி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் ஆரம்பித்து ஒரு குறியீடு ஓடும். அதன் கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1917 என்றால் 2017-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரம், அதாவது மே மாதம். சில டயரில் இந்த நாலு எண்கள் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள்.

அமீரகத்தில் டயருக்கு ஆயுள், தயாரித்த தேதியிலிருந்து 5 வருடம். கடையில் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. தேய்ந்த அல்லது காலாவதியான டயரோடு பிடிபட்டால் 500 திர்ஹம் அபராதம், 4 கறுப்புப் புள்ளி, ஒரு வாரம் வண்டி பறிமுதல். என் டயருக்கு அன்று வயது 5 வருடம் 2 மாதம். வண்டியை நான் வாங்கியது அதற்கு முந்தைய அக்டோபரில், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரிடம். பெயர் மாற்றும்போது சோதனையில் தேறியது. தேறாமல் என்ன, அன்று டயருக்கு வயது நாலரைதானே! முல்கியா ஒரு வருடத்துக்குச் செல்லும். டயர் செல்லுமா என்று நான்தான் பார்த்திருக்க வேண்டும். "டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு" என்றால் அன்றைக்குப் பாஸ் என்றுதான் அர்த்தம்.

பட்டன் இருக்கிறதே, பிறகு ஏன் வெடிக்கிறது? ரப்பர் தேய்வது ஒன்று, முதிர்வது வேறு. வெயிலும் சூடும் காற்றும் பட்டுப் பட்டு ரப்பர் தன் இழுவைத் தன்மையை இழந்து இறுகிப்போகும். உள்ளே ரப்பருக்கும் கம்பி வலைக்கும் இருக்கும் பிடிப்பு தளரும். வெளியே ஒன்றும் தெரியாது. நாள் முழுக்கத் திறந்த பார்க்கிங்கில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். குறைவாக ஓட்டுகிறவர்கள் "என் வண்டி ஓடவே இல்லையே" என்று நிம்மதியாக இருக்கிறோம். அந்த வண்டியில்தான் பட்டன் அழகாக இருக்கும், டயர் செத்திருக்கும். ஸ்டெப்னியும் அப்படித்தான். டிக்கிக்குள் படுத்திருந்தாலும் அதற்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்காதீர்கள்

நம்மவர்களிடம் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கை: "சம்மர்ல காத்து விரியும், அதனால ரெண்டு மூணு பாயின்ட் கம்மியா பிடி." நானும் செய்தேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது நேர் எதிர். காற்று குறைந்தால் டயர் தரையில் அதிகமாக அமுங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள், வளையும் இடம் சுடும். அதேதான். அந்தச் சூடுதான் டயரைக் கொல்கிறது. மேலே 45 டிகிரி வெயில், கீழே அதைவிடக் கொதிக்கும் தார், வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். நான் அன்று செய்தது இத்தனையும் சேர்த்து.

எவ்வளவு காற்று என்பதை வண்டி தயாரித்தவரே எழுதி வைத்திருக்கிறார். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் ஆள் நிறைய ஏறும்போது எவ்வளவு என்றும் தனியாகப் போட்டிருப்பார்கள். டயரின் மேலே எழுதியிருக்கும் அளவு அதிகபட்சம், அதைப் பிடிக்கக் கூடாது.

ஸ்டிக்கரில் உள்ள அளவு ஆறிய டயருக்கு உரியது. ஓடிய டயரில் நாலைந்து பாயின்ட் கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அதை இறக்கி விடாதீர்கள். கையடக்கமான ஒரு அளவுமானி வாங்கிக்கொள்ளுங்கள், விலை ஒரு பிரியாணிச் செலவுதான். காலையில் வண்டி எடுக்கும் முன் வீட்டிலேயே அளந்து பாருங்கள். 33 இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தால் குறை 3. பங்க்கில் போய்ச் சேரும்போது மீட்டர் 34 காட்டும். "அதான் இருக்கே" என்று திரும்பி வராமல், 37 வரை பிடியுங்கள். மாதம் ஒருமுறை, நெடுந்தூரம் போகும் முன் ஒருமுறை, ஸ்டெப்னியையும் சேர்த்து.

நைட்ரஜன் பிடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். அது பிடித்திருக்கிறது என்பதற்காக மாதாமாதம் அளப்பதை நிறுத்திவிட்டால் அதுதான் நஷ்டம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது

அந்த ரெக்கவரி வண்டியில் ஏறி ஒரு டயர் கடைக்குப் போனேன். வேர்த்து விறுவிறுத்து, குழந்தை அழுதுகொண்டிருக்க, போய் நின்றவனிடம் கடைக்காரர் சொன்னார்: "ஆஃபர் இருக்கு சார், ஒண்ணு 180, நாலும் புத்தம் புதுசு." பேப்பர் கூடப் பிரிக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன் கற்ற பாடம் ஞாபகம் வந்து குனிந்து பார்த்தேன். 3018. பிறந்து நாலு வருடம் ஆன 'புத்தம் புதுசு'. கேட்டதும் அவர் முகம் மாறவில்லை. உள்ளே போய் 0622 என்று போட்ட வேறொன்றை எடுத்து வந்தார், விலை 280.

கணக்கைப் பாருங்கள். முதல் டயர் நாலுக்கு 720 திர்ஹம், ஆயுள் மிச்சம் ஒரே வருடம். இரண்டாவது நாலுக்கு 1120, ஆயுள் நாலரை வருடம். வருடத்துக்கு 250 திர்ஹம்கூட வரவில்லை. மலிவு எது? ஆஃபரில் ஏமாந்தோம் என்று பிறகு புலம்புவதை விட, பணம் கொடுக்கும் முன் குனிந்து பார்ப்பது சுலபம்.

என் அனுபவத்தில் கடைக்காரரிடம் நாலு விஷயம் உறுதி செய்துகொண்டால் போதும். ஒன்று, தேதி. நாலு டயரிலும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மாட்டுவதும் உண்டு. பில்லில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். இரண்டு, அளவு. 195/65 ஆர்15 91வி என்றிருந்தால் கடைசியில் உள்ள 91 என்பது ஒரு டயர் தாங்கும் எடை, 615 கிலோ. வி என்பது வேகம், 240 கிலோமீட்டர் வரை. வண்டிக் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்க வேண்டாம். மூன்று, சூட்டுத் தரம். பக்கச் சுவரிலேயே வெப்பத்துக்கு ஏ, பி, சி என்று போட்டிருக்கும். இந்த ஊருக்கு ஏ-தான் வாங்க வேண்டும். நான்கு, இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் புதுசைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்னால்தான் போட வேண்டும் என்பது நம் பழக்கம். ஆனால் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், சமாளிப்பது கஷ்டம்.

பழைய டயர் வாங்கவே வாங்காதீர்கள். யார் வண்டியில் எப்படி ஓடியது, உள்ளே எங்கே ஒட்டுப் போட்டது என்று அதை விற்கிறவருக்கே தெரியாது.

மற்ற பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரன்டி இருக்கும்வரை ஏஜென்சியில் சர்வீஸ் செய்து ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதன்பின் நம்பிக்கையான ஒரு கராஜ் போதும், ஆனால் ஒரே கராஜாக இருக்கட்டும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள், கூலன்ட் ஊற்றுங்கள். பேட்டரி இந்த வெயிலில் ஊரில் உழைக்கிற மாதிரி உழைக்காது, இரண்டு கோடை தாண்டினால் சோதித்துவிடுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றி, அலைன்மென்ட் பாருங்கள்.

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக விடுங்கள். வேகம் தானாகக் குறைந்ததும் வலது ஓரம் ஒதுங்கி, எல்லோரையும் இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். வண்டிக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து.

உண்மையான காரணம்

இவ்வளவும் தெரியாதா நமக்கு? தெரிந்துகொள்ள முடியாதா? வாட்ஸ்அப்பில் ஊர் அரசியல் முழுக்க அலசுகிற நாம், டயரில் உள்ள நாலு எண்களைப் படிக்காததற்குக் காரணம் அறியாமை இல்லை என்று நினைக்கிறேன். இங்கே எதையும் நம்முடையதாக நினைப்பதில்லை. "எப்படியும் போகப்போறோம், எதுக்கு இப்ப ஆயிரம் திர்ஹம்?" ஊரில் கட்டும் வீட்டுக்குக் கிரானைட் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம். அந்த வீட்டில் குடியிருக்க வேண்டியவர்களைத் தினமும் ஏற்றிப்போகிற வண்டிக்கு, போகிறவன் விட்டுவிட்டுப் போன டயர் போதும் என்போம்.

சம்பளம் குறைவானவர்களுக்கு ஆயிரம் திர்ஹம் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. அவர்களுக்குத்தான் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குக் கார் லிஃப்ட்டில் நெருக்கியடித்துப் போகிறீர்கள். ஏறும் முன் அந்த வண்டியின் டயரைப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கூச்சப்பட வேண்டாம். இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போது லைசென்ஸ் எடுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அப்பா கொடுக்கும் பழைய வண்டியில்தான் அவர்கள் ஓட்டிப் பழகப்போகிறார்கள்.

மாமனார் அதன்பின் மூன்று வாரம் எங்களோடு இருந்தார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும் அன்று ஏர்போர்ட் போக வண்டியில் ஏறும் முன், வேட்டியை மடித்துக்கொண்டு நாலு டயரையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

இன்று ராத்திரி சாப்பிட்டதும் போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்கு இறங்குங்கள். நாலு டயர், ஒரு ஸ்டெப்னி. ஐந்து நிமிட வேலை. வருடம் 5-ஐ நெருங்கியிருந்தால், வரும் சனிக்கிழமை ஊர் சுற்றப் போகும் முன் கடைக்குப் போய்விடுங்கள்.