சர்வாதிகாரம் வேண்டுமாம்!

நமது நாட்டில் ஒரு பேச்சு ஊருக்கு ஊர் கேட்கின்றது. டீக்கடையிலும், ரயிலிலும், சவரக் கடையிலும், கலியாணப் பந்தியிலும் பத்துப் பேர் கூடினால் அதில் ஒருவராவது, "இந்த நாட்டுக்கு ஓட்டும் சட்டசபையும் லாயக்கில்லை, ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்து சாட்டையைச் சுழற்றினால்தான் உருப்படும்" என்று சொல்லாமல் எழுந்து போவதில்லை. சொல்லுகின்றவர் ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்து விட்டவர் போல் மீசையைத் தடவிக் கொள்ளுகின்றார். மற்ற ஒன்பது பேரும் "வாஸ்தவந்தான்" என்று தலையை ஆட்டுகின்றார்கள். "ஐயா, அந்தச் சாட்டை முதலில் யார் முதுகில் விழும்?" என்று அவர்களில் ஒருவராவது கேட்டதாக நாம் இதுவரை கண்டதில்லை.

சொல்லுகின்றவருடைய மனதில் இருப்பது என்னவென்றால், சாட்டையானது லஞ்சம் வாங்குகின்ற தாசில்தார் முதுகிலும், கலப்படம் செய்கின்ற வியாபாரி முதுகிலும் விழும், தாம் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்பதுதான். இந்த ஆசை புதியதல்ல. உலகத்தில் அக்கிரமம் மிஞ்சிப் போனால் குதிரைமேல் ஏறிக்கொண்டு ஒரு அவதாரம் வந்து கெட்டவர்களையெல்லாம் வெட்டிச் சாய்த்து நம்மைக் கரையேற்றும் என்று தலைமுறை தலைமுறையாகக் கதை கேட்ட காதுகள் அல்லவா நம்முடையவை? கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டவர்களுக்குக் கூட இந்தப் புத்தி விடவில்லை. சாமியை "ஏன்" என்று கேட்டால் நாஸ்திகன். சர்வாதிகாரியை "ஏன்" என்று கேட்டால் தேசத் துரோகி. வித்தியாசம் ஒன்றுண்டு. கோயில் சாமி நடுராத்திரியில் போலீஸ் வண்டியில் ஏறிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை.

நிற்க. சர்வாதிகாரம் எப்படியிருக்கும் என்று தெரிந்து கொள்ள ஜெர்மனிக்கும் ருஷியாவுக்கும் போக வேண்டியதில்லை. இதே நாட்டில், இதே ஜனங்களை வைத்துக் கொண்டு, 21 மாதம் அது பரீட்சை பார்க்கப்பட்டிருக்கின்றது. 1975-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி அலகாபாத் ஹைகோர்ட் நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, பிரதம மந்திரி இந்திரா காந்தி ரேபரேலியில் ஜெயித்த தேர்தல் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அந்த மாதம் 25-ந் தேதி இரவில் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். மந்திரிசபைக்கே அடுத்த நாள் காலையில்தான் சொல்லப்பட்டது. டில்லிப் பத்திரிகைகள் அச்சாகும் தெருவில் அன்றிரவு மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயணனும் மொரார்ஜி தேசாயும் பொழுது விடிவதற்குள் காவலில் இருந்தார்கள். ஆகஸ்டு மாதத்தில், பிரதம மந்திரியின் தேர்தலைப் பற்றி எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாதென்று அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. வழக்கில் தோற்றவர் வழக்கு மன்றத்தையே பூட்டி விடுவதென்றால், சாதாரண மனிதனுக்கு வாய்க்கின்ற வித்தையா அது?

"அதெல்லாம் சரி, அப்போது ரயில் நேரத்துக்கு வந்ததே!" என்பார் நம் டீக்கடைத் தோழர். வந்திருக்கலாம். முசோலினி காலத்து இத்தாலியிலும் வந்தது என்று சொல்லுவார்கள். ஆனால் ரயில் தாமதமானால் தாமதம் என்று எழுத அன்றைக்கு எந்தப் பத்திரிகைக்குத் தைரியம் இருந்தது? தணிக்கை அதிகாரி பார்த்து முத்திரை வைக்காமல் ஒரு வரி வெளிவரக் கூடாது. எதிர்ப்புக் காட்டுவதற்காகத் தலையங்கத்துக்குரிய இடத்தைக் காலியாக விட்டார்கள் சிலர். காலியாக விடுவதும் கூடாதென்று உத்தரவு வந்தது. அதாவது பேசினாலும் குற்றம், பேசாமலிருந்தாலும் குற்றம். இப்பேர்ப்பட்ட காலத்தில் ரயில் மட்டுமா நேரத்துக்கு வரும்? மழை கூட சர்க்கார் சொன்ன தேதியில் பெய்ததாகத்தான் பத்திரிகையில் இருக்கும்.

இனி, சாட்டை யார் முதுகில் விழுந்தது என்று பார்ப்போம்.

பிற்பாடு விசாரணை செய்த ஷா கமிஷன் கணக்குப்படி, மிசா சட்டத்திலும் பாதுகாப்பு விதிகளிலுமாகப் பிடிக்கப்பட்டவர்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு மேல். மிசாவில் மட்டும் சுமார் 35,000 பேர். என்ன காரணத்துக்காகப் பிடித்தோம் என்று மிசா கைதியிடம் சொல்ல வேண்டியதே இல்லை. இவர்களாவது பெரும்பாலும் அரசியலில் இறங்கியவர்கள், ஜெயிலை எதிர்பார்த்தவர்கள் என்று வைத்துக் கொள்ளலாம். அரசியல் என்றால் என்னவென்றே தெரியாத கூலிக்காரனும் குடியானவனும் என்ன செய்தார்கள்?

கர்ப்பத்தடையை நாம் ஆதரிக்கின்றவர்கள். அது பாவம் என்று மதக்காரர்கள் கூச்சல் போட்ட காலத்திலேயே, பிள்ளை பெறுவதும் பெறாததும் அவரவர் இஷ்டம், முக்கியமாகப் பெண்ணின் இஷ்டம் என்று எழுதியும் பேசியும் வந்த இயக்கம் இது. அப்படிப்பட்ட நமக்கே அந்த 21 மாதத்துக் கதையைப் படிக்கும்போது வயிறு எரிகின்றது. 1975-76-ல் 26 லட்சமாக இருந்த குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் 1976-77-ல் 81 லட்சமாக ஏறியது. ஒரே வருஷத்தில் ஜனங்களுக்கு இவ்வளவு ஞானோதயம் எப்படி வந்தது? வாத்தியார் இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அரியானாவில் உத்தாவர் என்ற கிராமத்தை 1976 நவம்பரில் இரவோடிரவாகப் போலீஸ் வளைத்துக் கொண்டு ஆண்பிள்ளைகளை ஓட்டிக் கொண்டு போயிற்று. அந்த ஆபரேஷன்களின் சம்பந்தமாக இறந்து போனவர்கள் என்று கமிஷன் முன் வந்த கணக்கு 1,774. டில்லியில் துர்க்மான் கேட் பக்கம் 1976 ஏப்ரலில் குடியிருந்த வீடுகளை இடிக்க வந்தார்கள். எங்கள் வீடு என்று மறித்த ஜனங்களைச் சுட்டார்கள். தொழிலாளிக்கு 8.33 சதவிகிதமாக இருந்த குறைந்தபட்ச போனஸ் 4 சதவிகிதமாக வெட்டப்பட்டது. வேலை நிறுத்தம் என்று வாய் திறந்தால் ஜெயில். முதலாளிகளில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்தது, எத்தனை மாளிகை இடிபட்டது என்று டீக்கடைத் தோழர்தான் நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

கோர்ட்டு இருந்ததே என்று கேட்கலாம். ஒன்பது ஹைகோர்ட்டுகள், காரணமில்லாமல் பிடித்தால் நாங்கள் விசாரிப்போம் என்று சொல்லத்தான் செய்தன. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா சர்க்கார் வக்கீலைப் பார்த்து, ஒரு போலீஸ்காரன் சொந்த விரோதத்தில் ஒரு மனிதனைக் கொன்று விட்டால் கூடப் பரிகாரம் இல்லையா என்று கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்பதே பதில். 1976 ஏப்ரல் 28-ந் தேதி ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அந்தப் பதிலுக்கு ஆமாம் போட்டார்கள். அவர்களில் ஒருவரான பெய்க், காவலில் இருப்பவர்களைச் சர்க்கார் ஏறக்குறைய தாயைப் போலக் கவனித்துக் கொள்கின்றது என்றும் எழுதினார். முடியாது என்று எழுதியவர் கன்னா ஒருவர். அடுத்த ஜனவரியில் பிரதம நீதிபதிப் பதவி முறைப்படி கன்னாவுக்கு வரவேண்டியது, பெய்க்குக்குக் கொடுக்கப்பட்டது. கன்னா ராஜிநாமா செய்துவிட்டு வெளியேறினார். அந்தத் தீர்ப்பு தப்பு என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்வதற்கு 2017-ம் வருஷம் வரை ஆயிற்று.

அந்தத் தாயின் கையில் சென்னையில் சோறு தின்றவர்கள் கதையையும் கேளுங்கள். நெருக்கடி நிலை நாடு முழுவதுக்கும் வந்தது என்றாலும், இங்கே இருந்த தி.மு.க. மந்திரிசபை அதை ஒப்புக் கொள்ளாதபடியால் ஏழு மாதம் தமிழ்நாட்டார் ஓரளவு மூச்சு விட முடிந்தது. அந்த மந்திரிசபை உத்தமர்களின் சபை என்று நாம் சொல்ல வரவில்லை. அதன்மேல் சொல்லப்பட்ட ஊழல் குற்றங்களை விசாரிக்க சர்க்காரியா கமிஷன் உட்கார்ந்ததும் நமக்குத் தெரியும். ஆனால் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வைத்த ஒரு சபை குறுக்கே நின்றது என்ற அந்த ஒன்றே ஒரு வேலியாக இருந்தது. 1976 ஜனவரி 31-ந் தேதி அது கலைக்கப்பட்டது. அடுத்த மூன்றாம் நாள் சென்னை மத்திய ஜெயிலில் மிசா கைதிகள் தடியால் அடிக்கப்பட்டார்கள். தி.மு.க.காரர்கள், திராவிடர் கழகத்தார், மார்க்சிஸ்டுகள் என்ற வித்தியாசம் தடிக்குத் தெரியாது. அடிபட்டவர்களில் ஒருவரான பார்லிமெண்ட் மெம்பர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்து போனார். அடித்தது உண்மை என்று பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் சொல்லிற்று. பெய்க் தாயன்பைக் கண்டது இந்த அடி விழுந்து ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து.

இனி, இவையெல்லாவற்றையும் கேட்டுவிட்டும் "வயிற்றுக்குச் சோறு முதலில், சுதந்திரம் பிறகு" என்று சொல்லுகின்ற மேதாவிகள் இருக்கின்றார்கள். இவர்கள் சோற்றின் வரலாறும் படித்ததில்லை. 1943-ல் வங்காளத்தில், வெள்ளைக்காரன் ஆட்சியில், லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். 1959 முதல் 1961 வரை சீனாவில் செத்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். அங்கே விளையாத தானியத்தை விளைந்ததாகக் கீழதிகாரி எழுதினான். இல்லையென்று எழுதினால் அவன் தலை போகும். எழுதினபடி மேலதிகாரி அளந்து கொண்டு போனான். குடியானவன் வீட்டில் விதை நெல்லும் மிஞ்சவில்லை. தானியம் வெளிநாட்டுக்குக் கூட ஏற்றுமதி ஆயிற்று. இதைச் சொல்ல ஒரு பத்திரிகை இல்லை, கேட்க ஒரு எதிர்க்கட்சி இல்லை. இந்தியாவில் 1947-க்குப் பிறகு அந்த மாதிரிப் பெரும் பஞ்சச் சாவு வரவில்லை, காரணம் ஓட்டுக்கும் பத்திரிகைக்கும் சர்க்கார் பயப்பட வேண்டியிருப்பதுதான் என்று பொருளாதார நிபுணர் அமர்த்திய சென் சொல்லியிருக்கின்றார். தினந்தோறும் அரைவயிற்றோடு படுக்கின்ற ஏழை இந்த ஜனநாயகத்திலும் இருக்கின்றான் என்று சொன்னவரும் அவரேதான். இரண்டும் உண்மை. அரைவயிற்றுக்காரன் முழுவயிறு கேட்பதற்கு அவனிடம் வாய் இருக்க வேண்டுமா, வேண்டாமா?

நாம் இன்றைய ஜனநாயகத்துக்குச் சாமரம் வீச வரவில்லை. பணத்துக்கு ஓட்டு, ஜாதிக்கு ஓட்டு, சினிமாக்காரன் முகத்துக்கு ஓட்டு என்பதெல்லாம் கண்ணெதிரே நடக்கின்றன. மிசா சட்டத்தைச் சர்வாதிகாரி செய்யவில்லை. 1971-ல், நெருக்கடி இல்லாத நாளில், ஜனங்கள் அனுப்பிய பிரதிநிதிகள் கூடி உட்கார்ந்து செய்த சாட்டை அது. நல்ல நாளில் செய்து வைத்தது கெட்ட நாளில் கைக்கு எட்டிற்று. விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கலாம் என்ற குண்டர் சட்டம் இன்றும் இந்நாட்டில் இருக்கின்றது. பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு "நல்லா வேணும்" என்று சொல்லுகின்றவர்களும் நாமேதான். 1978-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, எந்த நெருக்கடியிலும் உயிருக்கான உரிமையை நிறுத்தி வைக்கக் கூடாது என்று எழுதினார்கள். பட்டபிறகு எழுதினார்கள்.

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. இந்திரா காந்தி தாம் ஜெயிப்பது நிச்சயம் என்று எண்ணித்தான் தேர்தலை நடத்தினார் என்று அக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கின்றார்கள். ஊரார் வாயை அடைத்தவருக்குத் தம் காதும் அடைத்துப் போயிற்று போலும். உத்தரப் பிரதேசத்தில் 85 தொகுதி, பீகாரில் 54. இரண்டிலும் சேர்த்து அவர் கட்சிக்கு ஒன்று கூட இல்லை. ரேபரேலியில் அவரே தோற்றார். ஓட்டுப் போட்டவர்கள் யார்? எழுதப் படிக்கத் தெரியாதவன், சுதந்திரத்தின் அருமை தெரியாதவன் என்று நம் மேதாவிகள் சொல்லுகின்றார்களே, அவர்கள்தான்.

நம் தென்னாட்டார் என்ன செய்தார்கள்? சொல்ல வெட்கமாயிருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆந்திராவில் 42-ல் 41 தொகுதியை அந்தக் கட்சிக்கே கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் அதன் கூட்டணியே பெரும்பான்மையாக ஜெயித்தது. இதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் உத்தாவரும் துர்க்மான் கேட்டும் எங்கே இருக்கின்றன என்று அன்றைக்கு இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? அடி நம் முதுகில் அவ்வளவாக விழவில்லை; பிறர் முதுகில் விழுந்ததைச் சொல்லப் பத்திரிகை இல்லை. தணிக்கைக்காரன் தன் வேலையை யோக்கியமாகத்தான் செய்திருக்கின்றான்.

தோற்ற இந்திரா காந்தியை அதே 1977-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி போலீசார் கைது செய்தார்கள். அவர் ஆட்சியில் ஆயிரக்கணக்கானவர்கள் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் பார்க்க முடியாத ஒரு மாஜிஸ்திரேட்டை அவர் மறுநாளே பார்த்தார். காவலில் வைக்கப் போதிய ஆதாரம் இல்லையென்று மாஜிஸ்திரேட் அவரை விட்டுவிட்டார். அவர் வீட்டுக்குப் போனார், ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார், 1980-ல் ஜனங்களிடம் ஓட்டு வாங்கித் திரும்பவும் பிரதம மந்திரியாக வந்தார்.