கணுக்கால் நனையாத மூழ்குதல்

இந்தியத் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் மேலாண்மைப் பள்ளிகளும் மாணவர்களை வாரம் பத்து நாள் வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லும் பயணத்துக்கு 'இமர்ஷன்' என்று பெயர். மூழ்குதல் என்பது அச்சொல்லின் பொருள். பத்து நாளில் கணுக்கால்கூட நனைவதில்லை. ஆயினும் திரும்பிய மாணவர் அனுபவக் குறிப்பு ஒன்றை எழுதி மதிப்பெண் பெறுகிறார். இக்குறிப்புகளில் நான்கைப் படித்தவர் ஐந்தாவதைத் தாமே எழுதிவிடலாம்: விமான நிலையப் பரபரப்பு, மொழி புரியாத குழந்தையின் சிரிப்பு, ஒன்றுமில்லாதவர்கள் இத்தனை மகிழ்ச்சியாக இருக்கிறார்களே என்ற கண்டுபிடிப்பு, தாம் முற்றிலும் மாறிவிட்டதாக ஒரு வாக்குமூலம்.

அந்தக் கண்டுபிடிப்புதான் விசாரணைக்கு உரியது. முன்கூட்டியே ஏற்பாடு செய்த கிராமத்தில், வழிகாட்டியின் மொழிபெயர்ப்பில், அரை நாளில் கண்டது பிறர் மகிழ்ச்சியையா? விருந்தினர் முன் முகம் சுளிக்கக் கூடாது என்ற அவ்வூர் நாகரிகத்தையே அவர் கண்டிருக்கிறார். தாராவிச் சந்துகளில் அயல்நாட்டவர் படமெடுத்தால் கொதித்தெழும் வீட்டுப் பிள்ளைகள்தாம் அங்கே அதே படத்தை எடுத்து வருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கம்போடியாவின் சியம் ரீப் நகரை எடுத்துக்கொள்ளலாம். காலையில் அங்கோர் வாட், மதியம் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் என்ற பயண வழக்கம் பரவிய ஆண்டுகளில் அந்நாட்டில் இத்தகைய இல்லங்களும் பெருகின. அங்கிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருப்பது பின்னர் ஆய்வில் தெரிந்தது. பார்வையாளர் கொண்டுவந்த பணமும் பரிவும் சேர்ந்து, பெற்றோர் உள்ள பிள்ளைகளை அனாதைகளாக்கின. வந்தவர் எவரும் தீயவர் அல்லர். அத்தனை பேரும் மனம் நெகிழ்ந்துதான் திரும்பினார்கள்.

இவான் இலிச் 1968 ஏப்ரலில், கோடைத் தொண்டுக்காக மெக்சிகோ செல்லவிருந்த அமெரிக்க மாணவர்களிடம் இதை முகத்துக்கு நேரே சொன்னார். சுற்றிப்பார்க்கவோ கற்கவோ வரலாம், உதவுவதாக எண்ணி வர வேண்டாம் என்பது அவர் வாதம். தொண்டு செய்தே தீர வேண்டுமென்றால், தம்மை விரட்டிவிடக் கூடியவர்களிடையே, அவர்கள் மொழி தெரிந்த இடத்தில் செய்யட்டும் என்றார். அந்த உரையை வகுப்பறையில் பாடமாக வைத்துவிட்டு, அடுத்த பருவத்தில் பயணக் கட்டணம் வசூலிக்கும் துறைகளின் துணிச்சல் வியப்புக்குரியது.

பயணமே கூடாதா என்று கேட்பார்கள். கூடும். ஒரு பருவமேனும் அந்நாட்டு மொழியைக் கற்றுச் செல்லட்டும். மதிப்பெண்ணை வரவேற்ற ஊரார் இடட்டும்; வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்கட்டும். மாணவரின் மனமாற்றத்தை மாணவரே எழுத, அவரை அழைத்துச் சென்ற ஆசிரியரே மதிப்பிடுவதற்குக் கல்வி என்று பெயரில்லை.

யார் போகிறார்கள் என்பதும் கேள்விதான். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர் குடும்பத்தினர் உள்ளிட்டோர் வெளிநாட்டில் உயர்கல்வி பெற ஒன்றிய அரசு தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். 2022இல் அதன் விதிகள் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுக்கு இனி அந்தத் தொகை கிடையாது. அவற்றைப் படிக்க உள்நாட்டிலேயே வளங்களும் வல்லுநர்களும் உண்டு என்பது அரசு சொன்ன காரணம். சாதியை அதன் அடியில் இருந்து அறிந்த ஆய்வாளர், அதையே அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் ஆராய விரும்பினால் இந்த உதவித்தொகை அவருக்கு இல்லை. பணம் கட்டக்கூடிய மாணவரோ, முன்பின் அறியாத நாட்டின் வறுமையைப் பத்து நாளில் அறிந்து, ஆயிரம் சொற்களில் எழுதி, இரண்டு கிரெடிட் பெற்றுக்கொள்கிறார்.