ராகலையில் கணக்கில் ஏறாத வைத்தியச் செலவு

இலங்கையில் வைத்தியத்துக்குக் கைக்காசு அதிகம் கொடுப்பவர்கள் வசதி படைத்தவர்களே. 2006 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 11 ஆசிய நாடுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று வந்தது. வைத்தியச் செலவால் நாளொன்றுக்கு ஒரு டொலர் என்ற வறுமைக்கோட்டுக்குக் கீழே போனவர்கள் இந்தியாவில் 3.7 சதவீதம், இலங்கையில் 0.3 சதவீதம். 1951 இலேயே வைத்தியசாலைக் கட்டணத்தை நீக்கிய நாடு இதில் பெருமைப்படலாம். ஆனால் ஏழை குறைவாகச் செலவழிப்பதற்கு மலையக ஊரான ராகலையின் தேயிலைத் தோட்டங்களில் இன்னொரு காரணமும் உண்டு. செலவழிக்கக் காசில்லை.

நீரிழிவுக்கு மாதாமாதம் கிளினிக் போகவேண்டிய கொழுந்து பறிக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மேல் டிவிசன் லயத்திலிருந்து விடியமுன் இறங்கி, பஸ் பிடித்து, நுவரெலியாவில் வரிசையில் நிற்கிறார். டொக்டரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மருந்து கையிருப்பில் இல்லையென்றால் வெளியில் வாங்கத் துண்டு கொடுப்பார்கள். ஒரு மாதத்துக்கு எழுதியதில் பத்து நாளுக்கு மட்டும் பார்மசியில் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது வேலைநாளாகப் பதிவாகாது. 2024 இல் 1,350 ரூபாயாகி, 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ஆகுமென்று அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் முழுதாகப் போய்விடுகிறது. அதில் 200 ரூபாய் வேலைக்கு வந்தவர்களுக்கு அரசு தரும் ஊக்கத்தொகை; நோயாளிக்கு அதுவும் கிடையாது.

இந்த இழப்பு எந்த வைத்தியச் செலவுப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அடுத்த மாதம் அவர் போகாமலே விட்டால், செலவு பூச்சியம் என்று பதிவாகும்.

நோய் குறைந்த இடமாக இருந்தால் அந்தப் பூச்சியத்தை நம்பலாம். ஆனால் தோட்டங்கள் அப்படியல்ல. 2016 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7. வறுமை 2019 இல் நகரத்தில் 6 சதவீதம், தோட்டத்தில் 33.8. இவ்வளவும் 2022 இல் மருந்து விலை எகிறுவதற்கு முன்.

தோட்ட மக்களின் வைத்தியத்தை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் தலையில் கட்டியது. தொண்ணூறுகளில் தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய அரசு அதைப் பாதியில் விட்டிருக்கிறது. மிச்சமுள்ள டிஸ்பென்சரிகளையும் சுகாதார அமைச்சு ஏற்கவேண்டும். நீரிழிவு, பிரஷர் மருந்துகள் அங்கேயே கிடைக்கவேண்டும். அதுவரை கிளினிக் நாளுக்கும் பேர் போடவேண்டும். செலவைக் கம்பனியும் அரசும் பங்கிடட்டும். வேலைக்கு வந்தால் 200 ரூபாய் தர முன்வந்த அரசுக்கு, கிளினிக் கொப்பியில் சீல் விழுந்த நாளையும் வரவாக எடுப்பது பெரிய சுமையல்ல.